அப்பப்பாவின் மழைக் கொப்பிகள் (1961–1990): இவற்றை என்ன செய்யலாம்?

உப்புவெளி சுதன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில். எங்கள் அப்பப்பா பள்ளிக்கூட வாத்தியார். கணக்கும் பூகோளமும் படிப்பித்தவர். காலமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் பழைய வீட்டுக் கூரையைப் பிரிக்கும்போது அலுமாரியின் அடித்தட்டில் பதினொரு சீ.ஆர். கொப்பிகள் கிடைத்தன. வரவு செலவுக் கணக்கு என்று நினைத்துத்தான் திறந்தேன். 1961 ஜனவரியில் தொடங்கி 1990 ஜூன் வரை, நாளுக்கு ஒரு வரி. திகதி, மழை, காற்று. அவ்வளவுதான்.

"மழை 0. கச்சான்." "2.35. விடிய விடிய இடி. கொண்டல்." "தூறல், அளக்க வரவில்லை." இப்படிப் பக்கம் பக்கமாகப் போகிறது. (கச்சான் மேல்காற்று, கொண்டல் கீழ்காற்று.) சில நாட்களில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார். சில நாட்களில் ஒன்றுமே இல்லை.

கிணற்றடியில் ஒரு செப்பு உருளை கிடந்தது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதில் தண்ணீர் ஊற்றி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். அது மழைமானி என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஒரு கொப்பியின் ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. வீட்டில் சிலர் எரித்துவிடு என்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. யாருக்காவது இது பயன்படுமா? என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தாள்

தம்பி, தயவுசெய்து ஒரு தாளைக் கூட எறியாதீர்கள்.

நான் பாலையூற்றில் பிறந்தவன், இப்போது இருப்பது இங்கிலாந்தில். 2020இல் கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரம், இங்கே பழைய மழைக் கணக்குத் தாள்களைக் கணினியில் ஏற்ற ஆள் கேட்டார்கள். ரெடிங் பல்கலைக்கழகம் நடத்திய வேலை. ஏறத்தாழ 66,000 தாள்கள், எல்லாம் கையெழுத்து. பதினாறாயிரம் பேருக்கு மேல் சேர்ந்து பதினாறே நாளில் முடித்தோம். ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட அளவீடுகள். அவற்றை எழுதியவர்களில் பாதிரிமார், தோட்டக்காரர், வாத்திமார், வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். யாரும் விஞ்ஞானி என்று பெயர் எடுத்தவர்கள் இல்லை. உங்கள் அப்பப்பா அந்த வரிசையில் வருகிற ஆள்.

முதல் வேலை, படம் எடுப்பது. தட்டச்சு பிறகு. வெயில் நேரே படாத வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் எடுங்கள். அட்டையையும் எடுங்கள், பின் அட்டையின் உள்பக்கத்தையும் விடாதீர்கள். கருவி எங்கே இருந்தது, எப்போது மாற்றினார் என்பதையெல்லாம் இந்த மாதிரி ஆட்கள் அங்கேதான் குறித்து வைப்பார்கள்.

இரண்டாவது, 0, கோடு, வெற்றிடம் மூன்றும் மூன்று விஷயம். 0 என்றால் போய்ப் பார்த்தார், மழை இல்லை. வெற்றிடம் என்றால் பார்க்கவில்லை. கோடு என்ன என்பதை அவருடைய கொப்பியிலேயே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கணினியில் ஏற்றும்போது வெற்றிடத்தில் 0 போட்டுவிட்டால் பெய்த மழை பெய்யாததாகிவிடும். பிறகு யாராலும் அதைத் திருத்த முடியாது. இதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கந்தளாய்க் குளம்

நான் குளக்கட்டில் மழை அளந்து சம்பளம் வாங்கியவன், ஓய்வுபெற்றுப் பதினான்கு வருடம். இதை வாசித்ததும் எனக்குக் கை துடித்தது தம்பி.

அளக்கிற முறையைச் சொல்கிறேன், கொப்பியை வாசிக்க உதவும். காலை எட்டரைக்குப் போவோம். மேலே உள்ள புனலைக் கழற்றி, உள்ளே இருக்கிற போத்தலை எடுத்து, தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, மட்டமான இடத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே கொண்டுவந்து பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் ஏறி நடுவில் குழிந்து நிற்கும், குழியின் அடியைத்தான் வாசிப்பது. பெருமழை என்றால் போத்தல் நிரம்பி வெளிப்பாத்திரத்துக்குள் வழிந்திருக்கும். அதையும் ஊற்றி அளந்து கூட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அங்குலம், அதில் நூறில் ஒரு பங்கைப் புள்ளி என்போம். 2.35 என்றால் இரண்டு அங்குலம் முப்பத்தைந்து புள்ளி, இன்றைய கணக்கில் 59.7 மில்லிமீட்டர்.

ஏன் எட்டரை? உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காக உலகப் பொது நேரத்தில் 0, 3, 6, 9 என்று மூன்று மணிக்கு ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். அதில் 3 மணி நமக்குக் காலை எட்டரை. வானொலியில் "இன்று காலை 8.30 உடன் முடிவடைந்த 24 மணித்தியாலங்களில்" என்று சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 23ஆம் திகதி காலை அளக்கிற மழையில் பெரும்பகுதி 22ஆம் திகதி பெய்தது. சிலர் அளந்த நாளுக்கு நேரே எழுதுவார்கள், சிலர் முதல் நாளுக்குப் போடுவார்கள். உங்கள் அப்பப்பா எந்த வழக்கம் என்று பார்க்க நமக்குத் தெரிந்த ஒரு நாள் வேண்டும். 1964 டிசம்பர் 22 புயலை எடுத்துப் பாருங்கள். அதை விட நல்ல சாட்சி திருகோணமலைக்குக் கிடையாது.

மூதூரான்

சுதன் நானா, கொப்பியைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. ஆனால் தினமும் வானத்தைப் பார்த்து எழுதுகிற இந்தப் பழக்கம் தொடங்கிய கதையில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

1659 நவம்பரில் ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் சென்னைப் பக்கம் புயலில் மாட்டிப் பாய்மரத்தை இழந்தது. மரம் வெட்டிப் பாய்மரம் போடுவதற்காக எங்கள் மூதூர்க் கரையில் உள்ள கொட்டியாறு குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி ராஜாவின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ராபர்ட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நொக்ஸ் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி நாட்டில் கைதியாக இருந்து தப்பிப் போனவர். 1681இல் இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் லண்டனில் வெளிவந்தது. இவ்வளவும் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. அதே ஹூக்தான் 1663இல் லண்டன் ராயல் சொசைட்டியில், வானிலைக்கு ஒரு சரித்திரம் எழுத வேண்டுமானால் எல்லாரும் ஒரே அட்டவணையில் தினமும் இன்னின்னதைக் குறிக்க வேண்டும் என்று முறை வகுத்தவர். நாள், நேரம், காற்றின் திசை, அதன் வலு, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், வானத்தின் தோற்றம் என்று நிரல் போட்டுக் காட்டினார். உங்கள் அப்பப்பாவின் மூன்று நிரல் அதிலிருந்து வந்ததுதான்.

நொக்ஸும் மழையைக் கவனித்தவர். மேல்காற்று வீசும்போது மேற்குப் பக்கம் மழை, கிழக்கில் வரட்சி. கீழ்காற்று வந்தால் மாறிப்போகும். நடுவில் ஒரு மலை இருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் நனைந்த நிலம், அந்தப் பக்கம் காய்ந்த நிலம் என்று எழுதினார். ஜூலையில் ஹபறணையைத் தாண்டி வருகிற எந்த பஸ் சாரதியிடம் கேட்டாலும் இதையே சொல்வார்.

ஒரு புயலால் எங்கள் கரைக்கு வந்து ஒதுங்கிய ஆள், ஹூக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

கொண்டல் டீச்சர்

மூதூரான் தம்பி, இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகத்தில் கருவி வைத்து அளந்த வெப்பநிலைக் கணக்குகளில் அறுபடாமல் நீளமாக வருவது மத்திய இங்கிலாந்தினுடையது. கோர்டன் மான்லி என்பவர் பழைய நாட்குறிப்புகளைத் தேடித் தேடி அதைக் கோத்தார். அது தொடங்குகிற வருடம் 1659. ஆன் கப்பல் பாய்மரத்தை இழந்த அதே வருடம்!

நான் பூகோளம் படிப்பிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை அளப்பது ஐரோப்பாவில் பிறந்த வேலை இல்லை. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் களஞ்சியத்துக்கு முன்னால் ஒரு முழ வாய் உள்ள பாத்திரத்தை மழை அளக்க வைக்கச் சொல்கிறது. கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில், 1441ஐ ஒட்டி, ஒரே அளவில் மழைமானி செய்து ஊர் ஊராக அனுப்பினார்கள். அரசனுக்கு அது ஏன் வேண்டும்? வரி. எங்கே மழை பெய்ததோ அங்கேதான் விளைச்சல்.

ஹூக் காலத்தில் இருந்த குறை வேறு. ஒருவருடைய வெப்பமானியும் இன்னொருவருடையதும் ஒத்துப்போகாது. ஃபாரன்ஹைட், செல்சியஸ் அளவுகோல்கள் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. 1780இல் ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்துச் சங்கம் ஒன்று பல நாடுகளுக்கு ஒரே மாதிரிக் கருவிகளை அனுப்பி, காலை 7, பகல் 2, இரவு 9 என்று மூன்று வேளை பார்க்கச் சொன்னது. ஒரே கருவி, ஒரே வேளை, பல ஊர். வானிலைக் கணக்கு உண்மையில் அங்கேதான் நிமிர்ந்து நிற்கிறது என்பது என் எண்ணம்.

நம் பக்கத்தில் மூத்தது சென்னை. நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. 1796இலிருந்து அங்கே வானிலைக் கணக்கு எழுதினார்கள். இலங்கையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நில அளவைத் திணைக்களம்தான் இந்த வேலையைப் பார்த்தது. 1907இல் கொழும்பில் வானாய்வு நிலையம் வந்தது, 1948இல் தனித் திணைக்களமாகியது. அதைத்தான் இன்று வளிமண்டலவியல் திணைக்களம் என்கிறோம்.

உலக வானிலை அமைப்பின் பட்டியலில் நம் திருகோணமலைக்கு ஒரு எண் உண்டு: 43418. சென்னை நுங்கம்பாக்கம் 43278, மட்டக்களப்பு 43436. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அந்த எண்ணோடு ஒரு வரி இலக்கங்கள் உலகம் முழுக்கப் போகிறது, அதற்குள் நம் ஊர் மழையும் காற்றும் இருக்கிறது.

திருக்கடலூர் வள்ளம்

டீச்சர் சொன்னது நல்லது. எழுதி வைப்பது ஒரு பக்கம். எழுதினதை நேரத்துக்கு எங்களிடம் சொல்வது இன்னொரு பக்கம். கடலுக்குப் போகிறவனுக்கு அதுதான் உயிர்.

எங்கள் அப்பா 1964இல் இளந்தாரி. புயல் என்று யாரும் வந்து சொல்லவில்லை என்பார். முதல் நாள் கடலின் நிறம் மாறியிருந்தது, அலை நீண்டு நீண்டு வந்தது, வயதானவர்கள் வள்ளத்தை மேலே இழுத்துத் தென்னையில் கட்டச் சொன்னார்கள். கட்டினவர்களுக்கு வள்ளம் மிஞ்சியது. அந்தப் புயல் வவுனியாப் பக்கத்தால் தீவைக் கடந்து போய், அதே இரவு தனுஷ்கோடியை அழித்தது. ரயிலோடு சனம் போனது. அந்தப் புயலுக்குப் பெயர் கிடையாது. 1978இல் மட்டக்களப்பை அடித்ததற்கும் இல்லை, 2000 டிசம்பரில் எங்களுக்குக் கொஞ்சம் தெற்கே ஏறினதற்கும் இல்லை. நம் கடல் புயல்களுக்குப் பெயர் வைப்பது 2004இல்தான் தொடங்கியது. 2020இல் புரெவி எங்களுக்கு வடக்கே கரையேறியபோது பெயர், நேரம், இடம் எல்லாம் முன்னமே தெரிந்திருந்தது. ஒரு வள்ளமும் கடலில் இல்லை. அப்பாவின் காலத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான்.

வானொலியில் "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு" என்று தொடங்கினால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சோறு போடுகிற அம்மாவும் அகப்பையோடு அப்படியே நிற்பார். இன்றைக்கு அது கைத்தொலைபேசியில் வருகிறது. ஆனாலும் அந்தக் குரல் வந்த நேரத்தில் நான் இன்னும் தானாகவே பேச்சை நிறுத்துகிறேன்.

கொண்டல் டீச்சர்

அண்ணே, நீங்கள் சொன்ன அந்த அறிக்கையின் தொடக்கமும் கடலோடிகளால்தான். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையில் உடைந்து ஏறத்தாழ 450 பேர் இறந்தார்கள். புயல் வருவதை ஒரு கரையில் கண்டவர்கள் அடுத்த கரைக்குத் தந்தி அடித்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று ஃபிட்ஸ்ராய் வாதாடினார். டார்வின் போன பீகிள் கப்பலின் தலைவர் அவர்தான். 1861 பெப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார். அதே வருடம் ஆகஸ்ட் 1ஆம் திகதி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் நாளைய வானிலை என்று பொதுமக்களுக்கு முதல் முன்னறிவிப்பு வந்தது. பிழைத்த நாட்களில் பத்திரிகைகளும் அறிஞர்களும் அவரை விடவில்லை. 1865இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருக்குப் பிறகு அறிஞர் குழு ஒன்று எச்சரிக்கைகளை நிறுத்தியது. கடலுக்குப் போகிறவர்கள் விடவில்லை, திரும்பக் கேட்டார்கள். 1867இல் புயல் எச்சரிக்கை மறுபடி வந்தது.

பிழையாகப் போனாலும் பரவாயில்லை, எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டது கரையில் இருந்த சனம்தான். வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் எப்போதும் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

தம்பலகாமம் வயல்

எல்லாரும் வெள்ளைக்காரன் கணக்கையே சொல்கிறீர்கள். நம்மிடம் கர்ப்போட்டம் இருந்தது. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கிற அந்தப் பதின்மூன்று பதினான்கு நாளும் வானத்தைப் பார்ப்பார்கள். எந்த நாளில் மேகம் ஓடியது, எந்த நாளில் தூறியது, காற்று எது என்று பார்த்து, அடுத்த வருடம் எந்தக் காலத்தில் மழை வரும் என்று சொல்வார்கள். பஞ்சாங்கத்தில் இத்தனை மரக்கால் மழை, கடலில் இவ்வளவு, மலையில் இவ்வளவு, நிலத்தில் இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும். என் தாத்தா அதைப் பார்த்துத்தான் பெரும்போகத்துக்கு விதை எடுப்பார்.

கந்தளாய்க் குளம்

தம்பலகாமத்து ஐயா சொன்னதை நான் தள்ளமாட்டேன். வராகமிகிரர் மேகம் கருக்கொண்டால் 195 நாளில் மழையாகப் பிறக்கும் என்று எழுதியவர். ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்க்க வேண்டும் என்ற புத்தி அதில் இருக்கிறது, அது பெரிய விஷயம்.

ஆனால் ஐயா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் தாத்தா அந்தப் பதினான்கு நாளும் பார்த்ததை எங்காவது எழுதி வைத்தாரா? பிறகு அடுத்த வருடம் மழை அப்படி வந்ததா இல்லையா என்று ஒத்துப் பார்த்தாரா? எழுதியிருந்தால் இன்று ஐம்பது வருடக் கணக்கை வைத்து எவ்வளவு சரி வந்தது என்று சொல்லியிருக்கலாம். குளக்கட்டில் நான் படித்தது இதுதான். வான்கதவை எப்போது திறப்பது என்று தீர்மானிக்க, இந்தக் குளத்தில் முன்பு இவ்வளவு மழைக்கு இவ்வளவு தண்ணீர் ஏறியது என்கிற கணக்கு கையில் வேண்டும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைந்து எத்தனை குடும்பம் போனது என்று எல்லாருக்கும் தெரியும். குளத்தில் வேலை செய்தவனுக்கு எண்ணைச் சும்மா எண்ணாகப் பார்க்க முடியாது.

தம்பலகாமம் வயல்

எழுதவில்லைத்தான். அவருக்கு எழுத்துத் தெரியாது. சொன்னது எல்லாம் வாயோடு போய்விட்டது. நீங்கள் கேட்டது நியாயம்.

உப்புவெளி சுதன்

எல்லாருக்கும் நன்றி. ஒரு கிழமையாக இதே வேலை. ஐந்து கொப்பி படம் எடுத்து முடித்தேன்.

1964ஐப் பார்த்தேன். டிசம்பர் 23க்கு நேரே இப்படி இருக்கிறது: "போத்தலும் வெளிப்பாத்திரமும் நிரம்பி வழிந்தது. இதற்கு மேல் அளவு தெரியாது. ஓடு பறந்தது. பிள்ளைகள் சுகம்." அப்படியென்றால் அளந்த நாளுக்கு நேரேதான் எழுதியிருக்கிறார், அல்லவா? கோடு என்ன என்பதும் தெரிந்தது. 1961 கொப்பியின் பின் அட்டையில், பழைய தாள் அண்ணன் சொன்ன அதே இடத்தில்: "கோடு = வீட்டில் இல்லை. அடுத்த நாள் அளவில் சேர்த்தது."

ஒரு குழப்பம். கணினியில் வருடக் கூட்டுத்தொகை போட்டுப் பார்த்தேன். 1973, 1974 இரண்டும் மற்ற வருடங்களின் பாதி கூட வரவில்லை. அந்த இரண்டு வருடமும் கையெழுத்து வேறு. அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது அம்மாவின் எழுத்து" என்றார். அப்பப்பாவுக்கு மலையகத்துக்கு இடமாற்றம் வந்த காலமாம். அப்பம்மாதான் தினமும் காலையில் அளந்திருக்கிறா. அவ எழுதி நான் கண்டதே இல்லை.

அது கடும் வரட்சியா, இல்லாவிட்டால் அப்பம்மாவுக்கு அளக்கத் தெரியவில்லையா?

கந்தளாய்க் குளம்

அவசரப்பட்டு அப்பம்மாவைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. திருகோணமலையின் வருட மழை சராசரியாக 1,500 மில்லிமீட்டருக்கு மேல், அறுபது அங்குலத்துக்குக் கிட்ட. வரட்சி வருடம் உண்டு. ஆனால் இரண்டு வருடம் தொடர்ந்து, ஒரே அளவில், அதுவும் கையெழுத்து மாறின இடத்தில் குறைந்து, பழைய கை வந்ததும் சரியானால் நான் முதலில் கருவியைத்தான் பார்ப்பேன்.

மூன்று வேலை செய்யுங்கள். செப்பு மழைமானியின் வாய் விட்டத்தை அளந்து சொல்லுங்கள். அளவுக் கண்ணாடி வீட்டில் இருந்தால் அதன் அடியிலோ பக்கத்திலோ ஏதாவது இலக்கம் இருக்கிறதா பாருங்கள். 1972 கடைசியும் 1975 தொடக்கமும் உள்ள பக்கங்களில் கருவியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

மழைமானி எங்கே நின்றது என்பதையும் அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். இன்று பக்கத்தில் மாமரம் இருக்கலாம், அன்று இல்லாமல் இருந்திருக்கலாம். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்திலாவது மழைமானி இருக்க வேண்டும்.

சம்பூர்ப் பிள்ளை

இடையில் ஒரு விஷயம், நேரத்தைப் பற்றி. 1996இல் நாட்டின் மணிக்கூட்டை முன்னே தள்ளினார்கள், முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலமாகக் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் வரை அப்படித்தான். எங்கள் பக்கம் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது, பழைய நேரம். நகரத்தில் புதிய நேரம். மூதூரில் வள்ளம் ஏறித் திருகோணமலையில் இறங்கினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும்.

நானும் அந்தக் காலத்தில் வெட்டின போத்தலை வைத்து மழை எழுதினேன், பள்ளிக்கூட வேலைக்காக. எட்டரை என்றுதான் எழுதினேன், எந்த எட்டரை என்று எழுதவில்லை. 2006இல் இடம்பெயர்ந்தபோது கொப்பியும் போனது. சுதன் அண்ணனின் கொப்பி 1990இல் முடிகிறபடியால் இந்தச் சிக்கல் அதில் வராது. ஆனால் 1996க்கும் 2006க்கும் இடையில் யாராவது எழுதி வைத்திருந்தால், "பழைய நேரமா புதிய நேரமா" என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

பழைய தாள்

சம்பூர்த் தம்பி, இதை நான் யோசித்ததே இல்லை. அந்தப் பத்து வருடத்தில் பெரும்பாலும் உலகப் பொது நேரம் 3 மணி என்பது நகரத்து மணிக்கூட்டில் ஒன்பது மணி. கணக்கு ஏற்றுகிற எல்லாருக்கும் இதை எழுதி அனுப்புகிறேன்.

உப்புவெளி சுதன்

மழைமானியின் வாய் சரியாக ஐந்து அங்குலம்.

அளவுக் கண்ணாடிகள் இரண்டு கிடைத்தன, அம்மா சாமி அறையில் எண்ணெய்ப் போத்தலோடு வைத்திருந்தா. ஒன்றின் பக்கத்தில் 5 என்றும் மற்றதில் 8 என்றும் பொறித்திருக்கிறது.

1972 டிசம்பர் 30: "கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி." அப்பம்மாவின் எழுத்து.

1975 ஜனவரி 4: "சரியான கண்ணாடி வந்தது." அப்பப்பாவின் எழுத்து.

கந்தளாய்க் குளம்

அதுதான்! எட்டு அங்குல மழைமானிக்குச் செய்த கண்ணாடியால் ஐந்து அங்குல மழைமானியின் தண்ணீரை அளந்திருக்கிறா. வாயின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் எட்டை ஐந்தால் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.56. ஒரு அங்குலம் மழை பெய்தால் அந்தக் கண்ணாடியில் 39 புள்ளிதான் காட்டும். அந்த இரண்டு வருட எண்கள் எல்லாவற்றையும் 2.56ஆல் பெருக்குங்கள், மற்ற வருடங்களோடு வந்து நிற்கும்.

அப்பம்மா கண்ணாடியில் கண்டதைக் கண்டபடி எழுதினா. அப்பப்பா திரும்பி வந்து பிழையைக் கண்டுபிடித்தும் அவவுடைய எண்களில் கை வைக்கவில்லை. அடித்துத் திருத்தியிருந்தால் இன்று நமக்கு இது பிடிபட்டிருக்காது. கணினியில் இரண்டு நிரல் வையுங்கள். ஒன்றில் கொப்பியில் உள்ளது உள்ளபடி, மற்றதில் திருத்தியது. முதல் நிரலை யாரும் தொடக் கூடாது.

உப்புவெளி சுதன்

பெருக்கிப் பார்த்தேன் ஐயா. சரியாக வருகிறது. அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போய் 1973 கொப்பியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இருந்துவிட்டார், இன்னும் தரவில்லை.

கடைசிக் கொப்பி 1990 ஜூனில் நிற்கிறது. அந்த மாதம் சண்டை திரும்பத் தொடங்கி நாங்கள் வீட்டை விட்டுப் போனோம். அதற்குப் பிறகு அறுபது பக்கம் வெறுமை. அதை வெற்றிடமாகவே விடுகிறேன், 0 போடமாட்டேன்.

இருபத்தொன்பது வருடத்துக்கு மேல். என்னால் தனியே தட்டச்சு செய்ய முடியாது. ஆளுக்கு ஒரு வருடம் எடுக்க முடியுமா?

கொண்டல் டீச்சர்

1973உம் 1974உம் எனக்கு. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்கிறேன். பெருக்கலையும் அவர்களே செய்யட்டும்.

பழைய தாள்

1981 முதல் 1985 வரை நான். ஒவ்வொரு வருடத்தையும் இரண்டு பேர் தனித்தனியே ஏற்றி ஒத்துப் பார்க்க வேண்டும், எனக்கு யாராவது சோடி வாருங்கள்.

தம்பலகாமம் வயல்

எல்லா வருடத்திலும் மார்கழி மாதத்தை மட்டும் எனக்குப் படமாக அனுப்புங்கள். கர்ப்போட்ட நாளில் அவர் என்ன எழுதினார், அடுத்த வருடம் மழை எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கப் போகிறேன்.

மூதூரான்

ஐயா, ஒத்துப் பார்க்க நானும் வருகிறேன். வெள்ளிக்கிழமைகளில் நேரம் இருக்கும். பழைய தாள் நானாவுக்குச் சோடி வேண்டுமென்றால் அதற்கும் என்னைப் போடலாம்.

திருக்கடலூர் வள்ளம்

1964 டிசம்பர் எனக்கு வேண்டும் சுதன். எனக்குத் தட்டச்சு வராது, நான் வாசிக்க வாசிக்க என் மகள் அடிப்பாள். அப்பா இன்னும் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். அந்த 23ஆம் திகதி வரியை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.